கூன் வேலியின் வளைந்த வயல்கள்

அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கு எல்லையில், மிசிசிப்பிப் பேராற்றின் கரையில் லா கிராஸ் என்னும் நகர் உள்ளது. அந்நகர மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் நம் தம்பி மகனைக் காணச் சென்றிருந்த நாம், செப்டம்பர் இறுதியில் ஒரு சனிக்கிழமை காலை, அவனது காரில் 14-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே தென்கிழக்காகப் புறப்பட்டோம். "பெரியப்பா, உழவைப் பற்றி எழுதுகிறவர் நீங்கள். இங்கே பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அதைப் பார்க்காமல் போகக் கூடாது" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தான்.

ஊரின் பெயரைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வந்தது. கூன் வேலி! 'கூன்' என்பது ராக்கூன் எனும் சிறு விலங்கின் பெயர்ச் சுருக்கம். 'வேலி' என்பது பள்ளத்தாக்கு. தமிழ்ச் செவிக்கோ அது கூனலான ஒரு வேலியாகவே ஒலிக்கிறது. போதாக்குறைக்கு அவ்வட்டாரத்தின் கிளைப் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றையும் 'கூலி' என்று அழைக்கிறார்கள். ஓடுதல், வழிதல் என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயராம் அது. கூனல் வேலியும் கூலியுமாக நம் பயணம் தொடங்கிற்று. பெயர் பொருத்தமானதுதான் என்பது மாலையில் விளங்கியது.

அமெரிக்காவின் நடுப்பகுதியைத் தட்டையான சமவெளி என்றே பலரும் எண்ணுகிறோம். இப்பகுதி அவ்வாறன்று. பழங்காலத்தில் வட அமெரிக்காவின் பெரும்பரப்பைத் தேய்த்து மட்டமாக்கிச் சென்ற பனிப்பாறைகள், ஏனோ இந்தத் துண்டு நிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. ஆதலால் செங்குத்தான சரிவுகளும், உச்சியில் குறுகிய மேட்டு நிலங்களும், அடியில் தெளிந்த ஓடைகளுமாக நிலம் மடிந்து மடிந்து கிடக்கிறது. மேட்டின் உச்சிக்கு வந்ததும் கார் நின்றது. கீழே பார்த்த நாம் சற்று நேரம் பேசவில்லை. வயல்களில் ஒரு நேர்க்கோடுகூட இல்லை. முற்றிப் பழுத்த மக்காச்சோளம் ஒரு பட்டை, பசுமையான குதிரைமசால் ஒரு பட்டை, மீண்டும் சோளம், மீண்டும் மசால் என, குன்றின் இடுப்பைச் சுற்றிச் சேலைக் கரை போல வளைந்து வளைந்து ஓடின.

அழகுக்காக எவரும் அப்படி உழவில்லை. சாவின் விளிம்புக்குப் போன நிலம் இது.

நெடுஞ்சாலையோரம் நிற்கும் நினைவுப் பலகை, அந்நாட்டின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டம் இங்கேதான் நடந்தது என்று அறிவிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நார்வே நாட்டினரும், அவரோடு ஜெர்மானியரும் பொகீமியரும் இங்குக் குடியேறினர். நிலமோ அரசின் அளவைப்படி சதுரம் சதுரமாகப் பிரித்து விற்கப்பட்டிருந்தது. குன்று எப்படி வளைந்தால் என்ன, எல்லைக்கோடு நேராகத்தான் போகும். எல்லை போன வழியே வேலியும், வேலி போன வழியே ஏரும் போயின. சரிவில் மேலிருந்து கீழாக உழுதால் ஒவ்வொரு சாலும் மழைநீருக்கு வாய்க்கால் ஆகிவிடும் என்பதை உழவறிந்த எவரும் சொல்வர். முதலில் கோதுமை, பின்னர் கறவை மாடுகளும் புகையிலையும். உழ முடியாத செங்குத்துச் சரிவுகளில் மாடுகளை ஏற்றி விட்டனர். அவை மரக்கன்றுகளைத் தின்று, மண்ணை மிதித்து இறுக்கின. காடு பெயரளவில் நின்றது. மழை பெய்தால் ஓட்டுக் கூரையில் விழுந்த நீர் போல அவ்வளவும் கீழே ஓடியது.

1930 வாக்கில் நிலைமை முற்றியது. சரிவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான அரிப்புப் பள்ளங்கள் வாய் பிளந்தன. மேலே கரைந்த மண் கீழே பள்ளத்தாக்கில் அடுக்கடுக்காகப் படிந்து, நல்ல புல்வெளிகளையும் சாலைகளையும் மூடியது. ஓடைகளில் மீன் அற்றுப்போயிற்று. பால் விலையும் அவ்வாண்டுகளின் பொருளாதாரச் சரிவில் வீழ்ந்து கிடந்தது. கையில் காசில்லாத உழவன் மண்ணைக் காக்கச் செலவு செய்ய முடியவில்லை. மண் போகப் போக அவன் கையில் காசும் சேரவில்லை. இந்தச் சுழலிலிருந்து தனியொரு குடும்பம் தன் முயற்சியால் வெளியேற இயலாது என்பதே அரசு நுழைந்ததற்குக் காரணம்.

1933-ல் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆட்சியில் மண்ணரிப்புத் தடுப்புப் பணி என்ற புதுத் துறை தொடங்கப்பட்டு, அதன் தலைவராக ஹ்யூ பென்னெட் என்னும் மண்ணியல் அறிஞர் அமர்ந்தார். அத்துறை தன் முதல் செயல்விளக்கக் களமாகத் தேர்ந்தெடுத்தது ஏறத்தாழ 90,000 ஏக்கர் பரப்புள்ள இந்தக் கூன் ஓடைப் படுகையை. 1935-ல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, அத்துறை வேளாண் அமைச்சகத்தின் கீழ் நிலைபெற்றது. 1994-ல் இயற்கை வளப் பாதுகாப்புப் பணி என்று பெயர் மாறிற்று.

செய்த ஏற்பாடு எளியது. உழவர் அரசுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். செங்குத்துச் சரிவில் மாடு மேய்ப்பதை நிறுத்த வேண்டும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வளைத்து உழவேண்டும். சோளமும் உலர்தீவனப் பயிரும் மாறி மாறிப் பட்டைகளாக இடவேண்டும். பதிலுக்கு அரசு விதையும், சுண்ணாம்பும், வேலிக் கம்பியும், மரக்கன்றும் தந்தது. அவற்றோடு ஆட்களையும் தந்தது. வேலையற்ற இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அமைத்த படையின் முகாம் ஒன்று ஊரிலேயே இருந்தது. அவ்விளைஞருக்கு மாதக் கூலி 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடும். பசித்த குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த 25 டாலரே அடுப்பெரித்தது. பழைய நேர்வேலிகளைப் பிடுங்கி, குன்றின் வளைவுக்கேற்ப மறுபடி நட்டவர்கள் அவர்களே. கூனல் வேலி என்று நாம் நகைத்தது வீண் போகவில்லை.

ஏறத்தாழ 800 பண்ணைக் குடும்பங்களுள் 400-க்கு மேற்பட்டவை கையெழுத்திட்டன. மண்ணியலார், பொறியாளர், வனவியலார், கால்நடை அறிந்தோர், காட்டுயிர் அறிஞர் யாவரும் ஒரே உழவனின் வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து அவன் பண்ணை முழுமைக்கும் ஒரே திட்டம் வரைந்தது அதுவரை நடவாத ஒன்று. அந்த ஆலோசகருள் ஒருவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட். 1935-ல் இம்முயற்சியைப் பாராட்டிக் கட்டுரை வரைந்த அவரே, தம் மறைவுக்குப் பின் 1949-ல் வெளியான நூலில் மனக்குறையோடு வேறொன்றும் எழுதியுள்ளார். தென்மேற்கு விஸ்கான்சினில் ஐந்தாண்டு முடிந்ததும் பல நடைமுறைகள் மறக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரிந்த உடனடி ஊதியம் தந்தவற்றை மட்டுமே உழவர் தொடர்ந்தனர் என்பது அக்குறை.

இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நண்பகலில் ஒரு பண்ணை வீட்டுக்குச் சென்றோம். மருத்துவமனையில் நம் தம்பி மகனுக்கு அறிமுகமானவர் அம்முதியவர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். நெடிய உருவம், கை கொடுத்தபோது மரப்பட்டையைத் தொட்டது போலிருந்தது. சமையலறை மேசையில் ரொட்டியும் பாற்கட்டியும் ஆப்பிள் பண்டமும் வைத்து உபசரித்தார் அவர் மனைவி. சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தது ஒரு பழுப்பேறிய தாள். 1934-ல் அவர் பாட்டனார் கையெழுத்திட்ட ஒப்பந்தம்! திருமணப் படங்களுக்கு நடுவே அது இடம் பெற்றிருந்தது.

லியோபோல்டின் குறையைச் சொன்னோம். பெரியவர் சிரித்தார்.

"பேராசிரியர் நல்லவர். ஆனால் அவர் சம்பளக்காரர். ஊதியம் தராததை உழவன் எத்தனை ஆண்டு தொடர முடியும், ஐயா? இந்தப் பட்டை வயல்கள் தொண்ணூறு ஆண்டு நின்றதற்குக் காரணம் அரசு தந்த வேலிக் கம்பி அன்று. மாடு! கறவை மாட்டுக்கு உலர்தீவனம் வேண்டும். தீவனத்துக்குக் குதிரைமசால் வேண்டும். மசாலின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பாட்டனார் மண்ணைக் காத்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர் மாட்டைக் காத்தார். மாடு மண்ணைக் காத்தது."

இதைக் கேட்டபின் அன்று காலை கண்ட காட்சியை வேறு கண்ணோடு நினைத்துப் பார்த்தோம். வரும் வழியிலேயே சில குன்றுகளில் பட்டைகள் இல்லை. உச்சி முதல் அடிவாரம் வரை சோளமோ சோயாவோ ஒரே பரப்பாக நின்றது. அவ்விடங்களில் மாட்டுத் தொழுவங்கள் பூட்டிக் கிடந்தன. தீவனக் கோபுரங்களின்மேல் கொடி படர்ந்திருந்தது.

விஸ்கான்சின் மாநில வண்டிகளின் எண் பலகையில் 'அமெரிக்காவின் பால் நாடு' என்றே பொறித்திருக்கிறார்கள். அந்தப் பால் நாட்டில் 2004-ல் 15,000-க்கு மேல் இருந்த கறவைப் பண்ணைகள், 2024 தொடங்கும்போது 6,000-க்கும் குறைந்துவிட்டன. பால் குறையவில்லை, ஆயிரக்கணக்கான மாடுகள் கொண்ட பெரும்பண்ணைகளுக்கு இடம் மாறிற்று. நாற்பது, ஐம்பது மாடு வைத்திருந்தவர்கள் விலை கட்டாமல் விற்றுவிட்டனர். நம் முதியவரும் 2019-ல் தம் மாடுகளை ஏலத்தில் கொடுத்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் மனைவி எழுந்து போய்க் காப்பிப் பாத்திரத்தை மீண்டும் அடுப்பில் வைத்தார். காப்பி முன்னமே சூடாகத்தான் இருந்தது.

அரசு உதவி இன்று இல்லாமற் போகவில்லை. முன்னிலும் பெருகி, பல பெயர்களோடு விளங்குகிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நில ஒதுக்கீட்டுத் திட்டத்தில், எளிதில் அரிக்கக்கூடிய நிலத்தை 10 முதல் 15 ஆண்டு வரை புல்லுக்கோ மரத்துக்கோ விட்டால் அரசு ஆண்டுதோறும் குத்தகை தருகிறது. 1996-ல் வந்தது சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம். வேலி, மேய்ச்சல் நிலத்துக்குத் தண்ணீர்க் குழாய், எருக்குழி, மூடு பயிர் போன்றவற்றுக்கு ஆகும் செலவில் 75 விழுக்காடு வரை இதில் கிடைக்கும். புதிதாக உழவுக்கு வருவோர், வசதி குறைந்தோர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கு 90 விழுக்காடு வரை. இதன் நிதியில் பாதியேனும் கால்நடை வளர்ப்போருக்குச் சேரவேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஏற்கெனவே நன்றாகப் பேணுகிறவரை மேலும் ஊக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தத் திட்டம் ஒன்றும் உண்டு. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவ்வகைப் பணிகளுக்கென ஏறத்தாழ 1,950 கோடி டாலரைக் கூடுதலாக ஒதுக்கியது.

இவ்வளவு இருந்தும் ஏன் பட்டைகள் மறைகின்றன என்று கேட்டோம். விடையை முதியவரின் மகளும் மருமகனும் சொன்னார்கள். பெற்றோர் விட்ட இடத்தில் இறைச்சி மாடுகளைக் கொண்டு தொழில் தொடங்கியிருப்பவர்கள் அவர்கள். நிலத்தைச் சிறு சிறு அடைப்புகளாகப் பிரித்து, இன்று ஓரிடம், நாளை வேறிடம் என மாட்டை மாற்றி மாற்றி மேய்க்கும் முறை. அதற்கு வேலியும் தண்ணீர்க் குழாயும் வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டத் தலைநகர் வைரோகாவில் கொடுக்க வேண்டும். அலுவலர் வந்து நிலத்தைப் பார்த்துத் திட்டம் வரைவார். பின்னர் எல்லா விண்ணப்பங்களும் மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தப்படும். 2010 முதல் 2020 வரை நாடு முழுவதிலும் இவ்வூக்கத் திட்டத்துக்கு விண்ணப்பித்தோருள் மூவரில் ஒருவருக்குக்கூட முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் பெரும்பாலும் முதலில் உழவர் தம் கைப்பணத்தைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும். சரிபார்த்த பின்னரே அரசுப் பணம் வரும். புதியவர், வசதி குறைந்தோர், முன்னாள் படைவீரர் போன்றோருக்குப் பாதியை முன்பணமாகப் பெறும் வாய்ப்பு உண்டு.

2025 ஜனவரியில் ஆட்சி மாறியவுடன், மேற்சொன்ன 2022-ஆம் ஆண்டு நிதியிலிருந்து கையெழுத்தாகியிருந்த ஒப்பந்தங்களுக்கு உரிய தொகைகள் திடீரென நிறுத்தி வைக்கப்பட்டன. பின்னர் அவை படிப்படியாக விடுவிக்கப்பட்டன. எனினும், கம்பமும் குழாயும் கடனுக்கு வாங்கிப் பதித்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த உழவர்கள் நாடெங்கும் அந்த வாரங்களை மறக்கவில்லை. அரசின் கையெழுத்தும் அசையக்கூடியது என்ற எண்ணம் ஒரு முறை நுழைந்துவிட்டால் வெளியேற நாளாகும். சுவரில் தொங்கும் 1934-ஆம் ஆண்டுத் தாளுக்கு அந்த ஐயம் இருந்ததில்லை.

குத்தகைத் திட்டத்தின் கதையும் அதுவே. சோள விலை ஏறியபோது ஒப்பந்தம் முடிந்த நிலங்களை மறுபடி உழுதுவிட்டனர். 2007-ல் நாடு முழுவதும் 3 கோடியே 60 இலட்சம் ஏக்கருக்கு மேல் ஓய்ந்திருந்த நிலம், பத்தாண்டுக்குள் 2 கோடியே 40 இலட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கிற்று. உழவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. விற்றால் மாடு, உழுதால் சோளம் என்று விலையே கட்டளையிடும்போது, ஆண்டுக் குத்தகை எவ்வளவு தூரம் எதிர்த்து நிற்கும்?

பிற்பகலில் மருமகன் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓர் அணையைக் காட்டினார். அணை என்றதும் நீர் நிறைந்த ஏரியை நினைத்தோம். நம் ஏரிக்கரை போன்ற மண் கரைதான். ஆனால் உள்ளே புல் முளைத்துக் காய்ந்து கிடந்தது. பெருமழைக் காலத்தில் மட்டும் வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதற்காக, 1950-களின் இறுதி முதல் அரசு உதவியால் கூன் ஓடைப் படுகையில் கட்டப்பட்ட 14 அணைகளுள் ஒன்று அது. 2018 ஆகஸ்டு 27-ஆம் நாள் இரவு இவ்வட்டாரத்தில் சில இடங்களில் 10 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. இப்படுகையில் மூன்று அணைகளும், அடுத்த படுகையில் இரண்டும் அந்த இரவில் உடைந்தன. கரை நடுவில் உடையவில்லை. கரை சென்று குன்றைத் தொடும் ஓரத்தில், வெடிப்புகள் நிறைந்த மணற்பாறை வழியே நீர் புகுந்து வழி செய்துகொண்டது. கரையைக் கட்டியவர்கள் மண்ணை நம்பினார்கள். தோள் கொடுக்க வேண்டிய பாறை கைவிட்டது. கூன் வேலி ஊருக்குள் வெள்ளம் புகுந்தது.

அதன்பின் நடந்த அரசு ஆய்வு, இவ்வணைகளைப் பழுது பார்ப்பதைவிட அகற்றிவிடுவதே தக்கது என்ற முடிவுக்கு வந்தது. கீழே வாழும் குடும்பங்களுக்கு அது எளிதில் விழுங்கக்கூடிய செய்தியன்று. அணை இல்லையெனில் அடுத்த பெருமழையைத் தடுக்க இருப்பது மேட்டு நிலம் ஒன்றே. மேட்டில் புல்லும் மசாலும் இருந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கும். சோளம் அறுத்த வெற்றுநிலம் இருந்தால் ஊருக்குள் இறங்கும். ஆகவே மேலே ஓர் உழவன் எதை விதைக்கிறான் என்பது கீழே உள்ளவரின் வீட்டுத் திண்ணை வரை வந்து நிற்கும் காரியமாயிற்று. மேட்டாரும் பள்ளத்தாரும் சேர்ந்து கூன் ஓடைக்கென ஒரு மன்றம் அமைத்துக் கூடிப் பேசுகின்றனர்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. ஸ்டான்லி டிரிம்பிள் என்னும் புவியியல் பேராசிரியர் பல்லாண்டுகள் இப்படுகையை அளந்து, 1999-ல் 'சயன்ஸ்' ஆய்விதழில் ஒரு கணக்கு வெளியிட்டார். பள்ளத்தாக்கில் வண்டல் படியும் வேகம் 1930-களில் இருந்ததில் ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்பது அவர் முடிவு. சமையலறை மேசைகளில் வரைந்த திட்டங்கள் இவ்வளவு செய்துள்ளன. ஓடைகளில் டிரௌட் மீன்கள் திரும்ப வந்துவிட்டன. நாம் பாலத்தில் நின்றபோது, தொலைவிலிருந்து வந்த இருவர் முழங்கால் நீரில் தூண்டிலோடு நின்றனர். நீர் அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. சமையலறை மேசைமேல் இப்போது இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று வேலிக்கும் குழாய்க்குமான அரசு விண்ணப்பம். சென்ற முறை வரிசையில் இடம் கிட்டாததால் இது இரண்டாம் முயற்சி. மற்றது, பக்கத்துப் பெரும்பண்ணைக்காரர் மேட்டு வயலைக் குத்தகைக்குக் கேட்டு எழுதிய கடிதம். நல்ல தொகை. உடனே கையில் வரும். ஆனால் அவரது விதைப்புப் பொறி அகலமானது. பட்டைகளில் வளைந்து போகாது. இடையிலுள்ள மசால் பட்டைகளை உழுது, வயலை ஒன்றாக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

"என்ன முடிவு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டோம். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

மகள் தந்தையைப் பார்த்தாள். தந்தை சன்னல் வழியே மேட்டு வயலைப் பார்த்தார். "நிலம் இனி அவளுடையது. கடனும் அவளுடையதுதான். நான் சொல்லக் கூடாது" என்றார். சற்றுப் பொறுத்து, "விண்ணப்பத்துக்குப் பதில் வர ஜனவரி ஆகலாம். குத்தகைக்காரர் நவம்பர் வரைதான் காத்திருப்பாராம்" என்றாள் மகள்.

விடைபெற்றோம். முதியவர் கார் வரை வந்து, ஒரு பையில் ஆப்பிள்களைத் தந்தார். மேட்டில் ஏறும்போது நம் தம்பி மகன் வண்டியை மெதுவாக்கினான். அந்தி வெளிச்சத்தில் சோளப் பட்டைகள் மங்கிவிட்டன. மசால் பட்டைகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. மகளும் மருமகனும் வேலியோரமாக, குன்றின் வளைவோடு வளைந்து, மாடுகளை அடுத்த அடைப்புக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.